டோனாவூர் அம்மா

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., வேதியியல்)

பனியன் கம்பெனிகளுக்கு நடுவே வளர்ந்த நமக்கு, ஆலைக்குப் போய்வரும் பெண்ணின் களைத்த முகம் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரிலும் அதே முகம் இருந்தது. அங்கே லினன் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள், தொப்பி வாங்க வசதியின்றிச் சால்வையால் தலையை மூடிக்கொள்வார்கள். அவர்கள் தேவாலயத்தில் வந்து அமர்வதைச் செல்வர் வீட்டார் விரும்பவில்லை. அப்பெண்களுக்கென்றே ஐந்நூறு பேர் அமரும் தகரக் கூடம் ஒன்றை எழுப்ப முன்னின்றவர், அப்போது இருபது வயதை ஒட்டியிருந்த ஏமி கார்மைக்கேல். என் வயதுதான்!

1867-ல் மில்லைல் என்ற கடலோர ஊரில், மாவு ஆலை நடத்திய குடும்பத்தில், ஏழு பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். செல்வம் கரைந்தது, 1885-ல் தந்தையும் மறைந்தார். நரம்பு வலி வேறு அவரை விடாமல் பற்றிக்கொண்டது. சீனாவில் ஊழியம் செய்ய விரும்பியபோது உடல்நிலையைக் காட்டி மறுத்தார்கள். 1893-ல் ஜப்பான் சென்று, சுமார் பதினைந்து மாதங்களில் நோயோடு கப்பலேறினார். 1895-ல் பெங்களூர் வந்து, பிறகு நெல்லைச் சீமையை அடைந்தவர், இறுதிவரை தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

1901-ல் பண்ணைவிளையில், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பியோடி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். டோனாவூர் இல்லம் வளர்ந்த கதைக்கு அதுவே தொடக்கம். பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-ல்தான் என்பதை நினைத்தால், அவர் எத்தனை காலம் முன்பே போராடினார் என்பது விளங்கும். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. என்னை நிறுத்தி வைத்தது இதற்குப் பிந்திய பகுதி.

1931 அக்டோபரில், களக்காட்டில் மருந்தகத்துக்காக எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போனார். அந்தி மயங்கிய நேரம். இருக்கக் கூடாத இடத்தில் வெட்டியிருந்த குழியில் விழுந்தார், கால் முறிந்தது. அப்போது வயது அறுபத்து மூன்று. அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறையும் கட்டிலுமே அவருடைய உலகம்.

இந்த இடத்தில் என் வீட்டைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செக்கிங் வேலை பார்த்த என் தாயார், பண்டலோடு படியிறங்கும்போது விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஒன்றரை ஆண்டாகப் படுக்கையில் இருக்கிறார். நான் விடுமுறை நாட்களில் பிசிர் வெட்டப் போகிறேன். பார்க்க வரும் சபையார் இது கர்த்தரின் சித்தம் என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துப் போவார்கள். அவர்கள் போனதும் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கும் கோபம் வரும்.

ஏமி அம்மையாருக்கும் இப்படித்தான் இருந்திருக்கிறது! நலமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதிய ஆறுதல் நூல்கள் தம்மைத் தொடவில்லை என்று அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆகவே, வலி இருக்கும்போதே, நோயாளி நோயாளிக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூல் செய்தார். அது 1933-ல் வெளிவந்தது. துன்பம் ஏன் வந்தது என்று அவர் விளக்கம் தேடி அலையவில்லை. படுத்தபடியே என்ன செய்ய முடியும் என்று பார்த்தார். கட்டிலிலிருந்தே பத்துக்கும் மேற்பட்ட நூல்கள் பிறந்தன. 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். 1951 ஜனவரி 18-ல் காலமானார். அவர் விருப்பப்படியே கல்லறையில் பெயர்க்கல் இல்லை. பறவைகள் நீரருந்த ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது.

எங்கள் ஆலய நூலகத்தில் கிடைத்த அவர் வரலாற்றை மாலைதோறும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கர்த்தரைப் பற்றியோ நூல்களைப் பற்றியோ அம்மா ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருஷம் அந்த அம்மாவுக்குத் தலை சீவிவிட்டது யார் என்று மட்டும் கேட்டார். அவர் எடுத்து வளர்த்த பெண்கள்தாம் என்றேன். சற்று நேரம் பேசவில்லை.

மறுநாள் நான் கல்லூரியிலிருந்து வந்ததும், புத்தகத்தை எடுத்து வரும்படி அம்மாவே சொன்னார். விட்ட பக்கத்தில் அடையாளமாகப் பிசிர் நூல் ஒன்றை வைத்திருந்தேன். அங்கிருந்து தொடர்ந்தோம்.