தத்துவ போதகரின் சேலத்துப் பயணம்: இராபர்ட் டி நொபிலியின் வாழ்வில் சமயமும் அரசதிகாரமும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ் உரைநடை வரலாற்றில் தத்துவ போதகர் எனப் போற்றப்பெறும் இராபர்ட் டி நொபிலியின் (1577–1656) வாழ்வு பெரும்பாலும் மதுரையோடு மட்டுமே இணைத்துப் பேசப்படுகிறது. 1623ஆம் ஆண்டு அவர் மதுரையை விட்டு வடக்கே சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு மேற்கொண்ட பயணம் அவரது சமயப் பணியில் ஒரு திருப்பமாகும். போர்த்துகல் அரசு, உரோமைத் திருச்சபை, மதுரை நாயக்கர் அரசு, பாளையக்காரர்கள் ஆகிய அதிகார மையங்களுக்கிடையே அவர் வாழ்வு எவ்வாறு அமைந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நொபிலி, சேந்தமங்கலம், சேலம், திருமங்கல நாயக்கர், பத்ரோவாதோ, மதுரை மிஷன்.

முன்னுரை

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பா சமயத்தின் பெயரால் பிளவுண்டு கிடந்தது. லூத்தரின் சீர்திருத்த இயக்கத்திற்குப்பின் கத்தோலிக்க அரசுகளும் சீர்திருத்தச் சபை அரசுகளும் ஒன்றையொன்று பகைத்தன. 1618இல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் அப்பகையின் உச்சம். அதே காலத்தில் விசயநகரப் பேரரசு தளர்ந்து, மதுரை, தஞ்சை, செஞ்சி நாயக்கர்கள் தன்னாட்சி பெற்று வந்தனர். இவ்விரு உலகங்களும் தம்முள் சந்தித்த இடங்களுள் ஒன்று கொல்லிமலைக்கும் சேர்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சமவெளி. அச்சந்திப்புக்குக் காரணமாக அமைந்தவர் நொபிலி.

பிறப்பும் குடிப்பின்னணியும்

நொபிலி 1577ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிறந்தார். அவர் குடும்பம் தசுக்கானி நாட்டு மொந்தெபுல்சியானோ நகரைச் சார்ந்த உயர்குடி. தந்தை திருத்தந்தையின் படையில் பணியாற்றிய தளபதி. திருத்தந்தை மூன்றாம் சூலியசுடன் அக்குடும்பத்திற்கு உறவு உண்டு. அக்காலக் கத்தோலிக்க இறையியலாருள் தலைசிறந்தவரும் கலீலியோ வழக்கில் 1616இல் இடம்பெற்றவருமாகிய கர்தினால் இராபர்ட் பெல்லார்மீன் நொபிலியின் உறவினர். சமயமும் அரசும் ஒரே வீட்டில் குடியிருந்த சூழலில் அவர் வளர்ந்தார் எனலாம்.

குடும்பத்தின் விருப்பத்திற்கு மாறாக, நேப்பிள்சு நகரில் இயேசு சபையில் சேர்ந்து துறவு பூண்டார். 1604இல் லிசுபனிலிருந்து கப்பலேறி, மொசாம்பிக் கரையருகே கப்பற்சேதத்திற்கு உள்ளாகி, 1605ஆம் ஆண்டு மே மாதம் கோவாவை அடைந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறையிலும் தங்கித் தமிழ் பயின்றபின், 1606ஆம் ஆண்டின் இறுதியில் மதுரை வந்து சேர்ந்தார்.

பத்ரோவாதோவும் பறங்கி என்னும் சொல்லும்

நொபிலியின் பணியைப் புரிந்துகொள்ளப் பத்ரோவாதோ என்னும் ஏற்பாட்டை அறிதல் வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் திருத்தந்தையர், கீழைக் கடல்வழிகளில் சமயம் பரப்பும் உரிமையையும் ஆயர்களை முன்மொழியும் உரிமையையும் போர்த்துகல் மன்னர்க்கு வழங்கியிருந்தனர். அதற்கு ஈடாகக் கோயில்களையும் குருக்களையும் பேணும் செலவை மன்னர் ஏற்றார். ஆகவே இந்தியாவில் கிறித்தவச் சமயம் போர்த்துகல் கொடியின்கீழ் வந்தது. 1580 முதல் 1640 வரை போர்த்துகல் மணிமுடி இசுபானிய மன்னரிடம் இருந்தபோதும் கோவாவில் இவ்வேற்பாடு மாறவில்லை.

மதுரையில் நொபிலிக்கு முன்பே கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்த்துகீசியக் குரு பணியாற்றி வந்தார். கடற்கரையிலிருந்து வணிகத்தின்பொருட்டு வந்த பரதவக் கிறித்தவர்களைப் பேணிய அவரால் மதுரை மக்களிடையே புதியோர் எவரையும் சேர்க்க இயலவில்லை. அதன் காரணத்தை நொபிலி ஒரு சொல்லில் கண்டார். அச்சொல் பறங்கி. போர்த்துகீசியரையும் அவர்தம் சமயத்தைத் தழுவியோரையும் ஒருங்கே குறித்த அச்சொல் புலாலுண்ணல், கள்ளருந்தல், தூய்மையின்மை ஆகியவற்றோடு மக்கள் மனத்தில் இணைந்திருந்தது. கிறித்தவராதல் பறங்கியாதல் என்று பொருள்பட்டது. சமயத்தைப் போர்த்துகல் அடையாளத்திலிருந்து பிரித்தெடுப்பதே தம் முதற்கடன் என அவர் கருதினார்.

துறவுக்கோலமும் எழுந்த வழக்கும்

தம் மாநிலத் தலைவர் ஆல்பர்ட் லயர்சியோவின் இசைவுடன் நொபிலி தனி மடம் அமைத்தார். காவியாடை, தண்டு, கமண்டலம், மரப்பாதுகை, சந்தனம் எனச் சந்நியாசியின் கோலம் ஏற்றார். புலால் நீக்கி நாளுக்கு ஒருவேளை மட்டும் உண்டார். தாம் பறங்கியர் அல்லர், உரோமாபுரி அரசகுலத்தவர், துறவி என அறிவித்தார். சிவதர்மர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். பின்னர் அந்த ஆசிரியரே அவரிடம் திருமுழுக்குப் பெற்றார். சேர்ந்தோர் பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றை விடவேண்டியதில்லை என நொபிலி இசைந்தார். இவை சமயச் சின்னங்கள் அல்ல, குலச் சின்னங்களே என்பது அவர் வாதம்.

1610இல் பெர்னாண்டசு மேலிடத்திற்கு முறையிட்டார். அதனின்று எழுந்த வழக்கு பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிசுகோ ரோசு நொபிலியை ஆதரித்தார். அடுத்து வந்த மாநிலத் தலைவர் அவரது முறைக்குத் தடைகள் விதித்தார். உரோமையிலிருந்து பெல்லார்மீனே தொடக்கத்தில் கண்டித்து எழுதினார். நொபிலியின் விளக்கங்களைக் கண்டபின் கருத்தை மாற்றிக்கொண்டார். இந்திய மக்களின் வழக்காறுகள் பற்றி 1613இல் இலத்தீனில் நொபிலி எழுதிய நூல் இவ்வழக்கின் பயனாக விளைந்ததே. வடமொழி அறநூல்களைச் சான்றாகக் காட்டி, எது சமயம் எது சமூக வழக்கம் எனப் பகுத்துரைக்கும் அந்நூல், தம்மைக் காத்துக்கொள்ள எழுதப்பட்ட முறையீடாகவும் தென்னிந்தியச் சமூகம் பற்றிய தொடக்ககால ஐரோப்பிய ஆய்வாகவும் ஒருங்கே திகழ்கிறது.

1619இல் கோவாவில் பேராயர் கிறித்தோபர் தெ சா தலைமையில் கூடிய மாநாட்டில் பெரும்பான்மையோர் நொபிலிக்கு எதிராகவே நின்றனர். வழக்கு லிசுபனுக்கும் அங்கிருந்து உரோமைக்கும் சென்றது. உரோமையில் அவருக்குச் சார்பாகக் கருத்துரைத்தவருள் முதன்மையானவர் அயர்லாந்தின் அர்மா நகர்ப் பேராயர் பீட்டர் லொம்பார்டு. ஆங்கிலேயரின் சீர்திருத்தச் சபை ஆட்சி காரணமாகத் தம் மறைமாவட்டத்தில் கால் வைக்கவும் இயலாமல் உரோமையில் வாழ்ந்தவர் அவர். தன் நாட்டில் அரசதிகாரத்தால் வெளியே நிறுத்தப்பட்ட ஒருவர், மதுரை அந்தணரின் குடுமியைப் பற்றித் தீர்ப்புக்கு வழிகோலினார் என்பது அக்கால ஐரோப்பிய அரசியல் எத்துணை தொலைவு நீண்டிருந்தது என்பதைப் புலப்படுத்தும்.

1622இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, மறைபரப்பை உரோமையின் நேரடி மேற்பார்வையில் கொணரும் பொருட்டு மறைபரப்புப் பேராயத்தை நிறுவினார். 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் அவரே நொபிலியின் முறைக்கு இசைவளித்து ஆணை வெளியிட்டார். மூடநம்பிக்கைச் சடங்குகள் நீக்கப்படின் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவை தற்போதைக்கு ஏற்கப்படும் என்பது அதன் சாரம். இவ்விரு நடவடிக்கைகளும் அடுத்தடுத்து நிகழ்ந்தமை கருதத்தக்கது. நொபிலியின் வெற்றி வாதத்திறத்தால் மட்டும் விளைந்ததன்று. போர்த்துகல் அரசின் பிடியிலிருந்து மறைபரப்பை மீட்க உரோமை முயன்ற வேளையில் அது விளைந்தது.

சேந்தமங்கலமும் சேலமும்

அதே 1623ஆம் ஆண்டு மதுரையில் முத்துவீரப்ப நாயக்கருக்குப்பின் திருமலை நாயக்கர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டில் நொபிலி மதுரையை விட்டுப் புறப்பட்டார். உரோமையின் ஆணை கடல் கடந்து வந்து சேர மாதங்கள் பல ஆகும் காலம் அது. மதுரையில் அவர் பணி தேக்கமுற்றிருந்தது. சிறியதொரு குழுவே சேர்ந்திருந்தது. வழக்கின் தடைகளும் எதிர்ப்பும் சூழ்ந்திருந்தன. துறவியாக, ஊர் ஊராகச் செல்லும் பரிவிராசக நெறியை மேற்கொண்டு, திருச்சிராப்பள்ளி வழியே வடக்கே சென்றார்.

அவர் முதலில் அடைந்த அரசவை சேந்தமங்கலம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள இவ்வூர் அன்று மதுரை நாயக்கர்க்குத் திறை செலுத்திய பாளையத்தின் தலைநகர். அதனை ஆண்டவர் இராமச்சந்திர நாயக்கர். நாமக்கல் மலைக்கோட்டையை எழுப்பியவராக மரபு இவரையே சுட்டும். துறவியை அவர் மதிப்புடன் வரவேற்றார். எனினும் நொபிலி அங்கு நிலைகொள்ளாமல் சேலத்திற்குச் சென்றார்.

சேலத்தில் தொடக்கம் கடினமாயிருந்தது. முன்பின் அறியாத துறவிக்குத் தங்குமிடம் எளிதில் வாய்க்கவில்லை, உடல்நலமும் குன்றியது. மதுரையில் அவருக்கு மடம் இருந்தது, மாணாக்கர் இருந்தனர். சேலத்தில் அவர் கோலமும் சொல்லுமே துணை. அந்நிலையில் அவரை நாடி வந்தவர் திருமங்கல நாயக்கர்.

திருமங்கல நாயக்கர் சேந்தமங்கலம் இராமச்சந்திர நாயக்கரின் தமையனார். மூத்தவராயினும் தம்பியால் ஆட்சியுரிமை பறிக்கப்பெற்று, சேலம் பகுதியில் மோரமங்கலத்தில் வாழ்ந்துவந்தார். ஒரே குடும்பத்தின் அரசவையில் விருந்தோம்பல் பெற்ற துறவி, அக்குடும்பத்தின் புறந்தள்ளப்பட்ட கிளையோடு நட்புக் கொண்டார். 1625இல் திருமங்கல நாயக்கரின் குடும்பத்தினரும் அவரும் கிறித்தவம் தழுவினர். மதுரை மிஷன் வரலாற்றில் ஆளும் குடியினர் ஒருவர் சேர்ந்த முதன்மையான நிகழ்ச்சி இது.

இந்நிகழ்ச்சியின் பொருளை இரு கோணங்களில் காணலாம். நொபிலி தொடக்கத்திலிருந்தே அறிவுடைய மேலோர் வாயிலாகவே சமயம் சமூகத்துள் இறங்கும் என எண்ணினார். இளவரசர் எந்தச் சமயமோ குடிகளும் அச்சமயம் என்னும் 1555ஆம் ஆண்டு ஆக்சுபர்கு உடன்படிக்கைக் கொள்கை நிலவிய ஐரோப்பாவில் வளர்ந்தவர்க்கு இவ்வெண்ணம் இயல்பானதே. ஆனால் சேலத்தில் அவரை ஏற்றவர் ஆள்பவர் அல்லர். ஆளும் உரிமையை இழந்தவர். அவர் பின்னே ஒரு பாளையம் திரண்டு வரவில்லை. ஐரோப்பிய முன்மாதிரி இச்சமவெளியில் பொருந்தாது போயிற்று. பாளையக்காரரின் சமயம் குடிகளின் சமயத்தைத் தீர்மானிப்பதில்லை. சைவம், வைணவம், ஊர்த்தெய்வ வழிபாடு ஆகியன அவரவர் குலமரபால் நிலைபெற்றிருந்தன.

மறுகோணத்தில், இழந்தவர்க்குப் புதிய சமயம் அளித்தது யாது என்னும் வினா எழுகிறது. திருமங்கல நாயக்கர் அரசுரிமையை மீட்பதற்கு நொபிலியிடம் படையோ பொருளோ இல்லை. போர்த்துகல் அரசோடு தமக்குத் தொடர்பில்லை என்றே அவர் அறிவித்திருந்தார். ஆகவே இம்மனமாற்றத்தை அரசியல் ஆதாயக் கணக்காக மட்டும் விளக்குதல் பொருந்தாது. பத்ரோவாதோவின் நிழலிலிருந்து விலகி நின்ற ஒரு முறையின் தேர்வுக்களமாகச் சேலம் அமைந்தது எனக் கொள்வதே ஏற்புடையது.

சாதியும் முறையின் எல்லையும்

வடபகுதிப் பயணத்திற்குப்பின் நொபிலியின் பணி அந்தணர் வட்டத்தைக் கடந்து விரிந்தது. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் ஒடுக்கப்பட்ட சாதியினர் மிகுதியாகச் சேர்ந்தனர். ஆனால் மேற்குலத்தார்க்குச் சந்நியாசி குருவாக இருந்தவர் பிறரோடு வெளிப்படையாகக் கலந்தால் முன்னவர் விலகுவர். இச்சிக்கலுக்குத் தீர்வாகப் பண்டாரசாமி என்னும் மற்றொரு குருவகை உருவாக்கப்பட்டது. 1640இல் பல்தசார் தெ கொசுதா அக்கோலம் ஏற்றார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியினரிடமும் பழகலாம் என்பது ஏற்பாடு.

இத்தீர்வு எண்ணிக்கையைப் பெருக்கியது. ஆனால் சாதி வேற்றுமையைத் திருச்சபையின் அமைப்பிலேயே பதித்தது. குலவழக்கம் வேறு, சமயம் வேறு என்னும் நொபிலியின் பகுப்பு, குடுமியையும் சந்தனத்தையும் காத்ததுபோலவே தீண்டாமையையும் காத்தது. பிற்காலத்தில் 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் விதித்த தடைகளும், 1744இல் பதினான்காம் பெனடிக்ட் வெளியிட்ட ஆணையும் மலபார்ச் சடங்குகள் எனப்படும் இவ்வழக்கங்களைக் கட்டுப்படுத்த முயன்றன. நொபிலியின் நோக்கத்தைப் பாராட்டுவோர் அதன் இவ்விளைவையும் உடன்வைத்து மதிப்பிடல் வேண்டும்.

இறுதிக்காலமும் தமிழ்ப்பணியும்

1640இல் நொபிலி மதுரையில் சிறைப்படுத்தப்பட்டார். திருமலை நாயக்கரின் ஆணையால் விடுவிக்கப்பட்டார். 1640களின் நடுவில், கண்ணொளி பெரிதும் குன்றிய நிலையில், யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டார். பின்னர் மயிலாப்பூர் வந்து, அங்கே 1656ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் மறைந்தார். போர்த்துகீசியரினின்று தம்மை வேறுபடுத்திக்கொள்ள வாழ்நாளெல்லாம் முயன்றவர், போர்த்துகீசியர் ஆதிக்கத்தில் இருந்த இவ்விரு ஊர்களிலேயே இறுதிக்காலத்தைக் கழித்தார்.

ஞானோபதேச காண்டம், ஆத்தும நிருணயம், தூஷண திக்காரம், நித்திய சீவன சல்லாபம், புனர்சென்ம ஆட்சேபம் முதலியன அவர்தம் தமிழ் நூல்கள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் போன்ற முன்னை நூல்களில் போர்த்துகீசியச் சொற்கள் மிகுதி. நொபிலி அவற்றுக்கு ஈடாகக் குரு, வேதம், பூசை, கோயில், அருள் முதலான சொற்களைப் பெய்து எழுதினார். வடசொற் கலப்பு மிக்க நடையாயினும், தருக்க முறையில் தொடர்ந்து செல்லும் நெடிய உரைநடையைத் தமிழில் கையாண்ட முன்னோடியாக அவர் மதிக்கப்பெறுகிறார். உடையில் பறங்கியத்தை நீக்கியது போலவே சொல்லிலும் நீக்கினார் என்பதால், அவரது உரைநடையும் அவரது அரசியல் நிலைப்பாட்டின் ஒரு கூறே ஆகும்.

முடிவுரை

நொபிலியின் வாழ்வில் சேந்தமங்கலமும் சேலமும் சிறிது காலமே இடம்பெறுகின்றன. எனினும் அவரது முறையின் ஆற்றலும் எல்லையும் அங்கு ஒருசேர வெளிப்பட்டன. அரசின் துணையின்றிச் சமயம் பேச இயலும் என்பதை அது காட்டியது. அரசரை வென்றால் குடிகளை வெல்லலாம் என்னும் ஐரோப்பிய நம்பிக்கை இம்மண்ணில் செல்லாது என்பதையும் காட்டியது. நொபிலியின் தமிழ்ப்பணியை ஆராய்வோர் மதுரை மடத்தோடு நில்லாமல் இச்சமவெளி ஊர்களையும் கருத்தில் கொள்வாராயின், அவரது சொல்லாட்சிக்கும் சமூக நிலைப்பாட்டிற்கும் இடையேயான தொடர்பு மேலும் தெளிவுறும்.