வாசலில் அமர்ந்து பயின்ற சீடர்: வில்லியம் சீமோர்

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருப்பது ஒன்று. சீடராய் வாழ்வது மற்றொன்று. பெற்றோர் வழியாக வந்த விசுவாசத்தை ஞாயிறுதோறும் மேலாடையைப் போல் அணிந்து, திங்களன்று கழற்றி வைப்போர் எந்நாட்டிலும் உண்டு, நம்மிடையேயும் உண்டு. அத்தகைய விசுவாசம் ஒரு மனிதருடைய வாழ்வில் எவ்வாறு அணையா நெருப்பாயிற்று என்பதை நம் இளைஞர்கள் அறிதல் வேண்டும். அவ்விருப்பத்தால், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே தோன்றிய வில்லியம் ஜோசப் சீமோர் அவர்களின் வரலாற்றை இவ்வெள்ளி விழா மலரில் சுருக்கமாகத் தருகிறோம்.

பிறப்பும் இளமையும்

சீமோர் 1870ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூசியானா மாநிலத்தில், சென்டர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சைமன், தாய் ஃபிலிஸ் ஆகிய இருவரும் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமை முறை 1865இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆயினும் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட மக்களின் வறுமை ஒழியவில்லை. நிலம் வேறொருவருடையது, உழைப்பு மட்டுமே இவர்களுடையது. பள்ளிக்கூடமும், இரயில் பெட்டியும், ஆலயமும் நிறத்தால் பிரிக்கப்பட்ட காலம் அது. இதனைப் படிக்கும் நம் சமுதாயத்தார்க்கு இங்கு விளக்கவுரை தேவையில்லை.

குழந்தைப் பருவத்தில் அவருக்குக் கத்தோலிக்கத் திருச்சபையில் ஞானஸ்நானம் அளிக்கப்பட்டது. வாலிபரான பின், 1890களில் பிழைப்புத் தேடி வடக்கே சென்று, இண்டியானாபோலிஸ் நகரத்து உணவு விடுதிகளில் பரிமாறும் வேலை பார்த்தார். அங்கே கறுப்பின மக்களின் மெதடிஸ்ட் சபையொன்றில் உறுப்பினரானார். வேலை, கூலி, ஞாயிறு ஆராதனை என்று வாழ்நாள் முழுவதும் கழிந்திருந்தாலும் எவரும் அவரைக் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

அழைப்பு

அவர் அத்துடன் நின்றுவிடவில்லை. பரிசுத்த வாழ்வை வற்புறுத்திய ஓர் இயக்கத்தாருடன் சின்சினாட்டி நகரில் சேர்ந்தார். அவர்களுடைய கூட்டங்களில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக அமர்ந்தனர் என்பது அக்காலத்தில் அரிய செய்தியாகும். ஊழியம் செய்ய வேண்டும் என்னும் அழைப்பு உள்ளத்தில் எழுந்தபோதும் அவர் தயங்கினார் என்பர். அந்நாளில் பெரியம்மை நோய் அவரைத் தாக்கியது. உயிர் தப்பினார், ஆனால் ஒரு கண்ணின் பார்வை போயிற்று, முகத்தில் வடுக்கள் நிலைத்தன. தம் தயக்கத்திற்குக் கிடைத்த கண்டிப்பாகவே அவர் அதனைக் கொண்டார். எழுந்தபின் தயக்கமின்றி ஊழியத்திற்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். ஆராதனைக்குச் சென்றுவந்த ஒருவர் சீடராக மாறிய திருப்பம் இதுவே.

கதவுக்கு வெளியே

பின்னர் டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரை அடைந்தார். அங்கே லூசி ஃபாரோ என்னும் கறுப்பின அம்மையார் ஒரு சிறு சபையை நடத்திவந்தார். அடிமையாகப் பிறந்தவர் அவர். 1905இல் அவர் வெளியூர் சென்றபோது சபைப் பொறுப்பைச் சீமோரிடம் ஒப்படைத்தார். அவர் வழியாகவே சார்லஸ் பார்ஹாம் என்னும் வெள்ளைப் போதகரின் வேதாகமப் பள்ளியைப் பற்றிச் சீமோர் அறிந்தார். பெந்தெகொஸ்தே நாளில் சீடர்கள் பெற்ற பரிசுத்த ஆவியின் வல்லமையை இன்றும் விசுவாசிகள் பெறலாம் என்றும், பிற மொழிகளில் பேசுதல் அதன் அடையாளம் என்றும் பார்ஹாம் போதித்தார்.

1906ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீமோர் அப்பள்ளியில் சேர விரும்பினார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே வகுப்பில் அமர்வதை அம்மாநிலச் சட்டமும் வழக்கமும் இசையவில்லை. பார்ஹாமும் அப்பிரிவினையை ஏற்றவரே. ஆகவே சீமோர் வகுப்பறைக்கு வெளியே, நடைகூடத்தில், சிறிது திறந்து வைக்கப்பட்ட கதவின் அருகே அமர்ந்து பாடம் கேட்டார். வகுப்பறைக்கு வெளியே அமர்ந்து எழுத்தறிந்தோர் நம் பாட்டன்மாரிலும் பலர் உண்டு. அவமானத்தைப் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக நாம் சீமோரைப் போற்றவில்லை. அவமானம் தம் கல்வியைத் தடுக்க இடங்கொடுக்கவில்லை என்பதற்காகவே போற்றுகிறோம். அப்பிரிவினையை அவர் நியாயமென்று கொள்ளவில்லை என்பதற்குப் பின்னாளில் அவர் அமைத்த சபையே சாட்சி.

சில வாரங்களுக்குள் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துச் சிறு சபையொன்று அவரை அழைத்தது. பிப்ரவரியில் அங்குச் சென்று தாம் கற்றதைப் பிரசங்கித்தார். அப்போதனை அச்சபைத் தலைவியார்க்கு ஏற்கவில்லை. மறுபடி கூட்டத்திற்குச் சென்றபோது கதவு பூட்டப்பட்டிருந்தது. கையில் பணமில்லை, ஊரும் புதிது. எட்வர்ட் லீ என்னும் உழைப்பாளி தம் வீட்டில் இடமளித்தார். இங்கு ஒன்றை நாம் கருதவேண்டும்: தாம் பிரசங்கித்த அந்த வரத்தைச் சீமோர் அதுவரை பெற்றிருக்கவில்லை. ஆகவே பிறரோடு தாமும் காத்திருந்து ஜெபித்தார்.

அசூசா வீதி

ஜெபக் கூட்டம் பானி பிரே வீதியிலிருந்த ஒரு வீட்டிற்கு மாறியது. வீட்டு வேலை செய்வோரும் துப்புரவுப் பணியாளருமே பெரும்பாலும் கூடினர். 1906 ஏப்ரல் 9ஆம் நாள் அவர்களிற் சிலர் ஆவியின் நிறைவை அடைந்தனர். மூன்று நாட்களுக்குப்பின் சீமோரும் அடைந்தார். வீடு கொள்ளாத கூட்டம் சேர்ந்தமையால், அசூசா வீதியில் 312ஆம் எண் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தனர். முன்பு கறுப்பின மக்களின் ஆலயமாயிருந்து, பின் குதிரை லாயமாகவும் பண்டகசாலையாகவும் மாறியிருந்த இடம் அது. பலகைகளே இருக்கைகள், ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு மரப்பெட்டிகளே பிரசங்க பீடம். சீமோர் பலவேளைகளில் அப்பெட்டிக்குள் தலையை வைத்து ஜெபித்துக்கொண்டிருப்பார் என்று கண்டவர்கள் எழுதியுள்ளனர்.

ஏப்ரல் 18ஆம் நாள் உள்ளூர்ச் செய்தித்தாள் இக்கூட்டத்தை எள்ளி நகையாடி எழுதியது. அன்றே சான் பிரான்சிஸ்கோ நகரைப் பெரும் நிலநடுக்கம் அழித்தது. மக்கள் திரண்டனர். நாளும் மூன்று கூட்டங்களாக, ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆராதனை நடைபெற்றது. 1906 செப்டம்பரில் தொடங்கிய அவர்களது பத்திரிகை இலவசமாக அனுப்பப்பட்டு, ஐம்பதாயிரம் படிகள்வரை அச்சாயிற்று. ஊழியர் பல நாடுகளுக்கும் சென்றனர். கார் தம்பதியர் 1907இல் நம் நாட்டுக் கல்கத்தாவிலும் ஊழியம் செய்தனர்.

இவை யாவினும் பெரிய அற்புதம் ஒன்று அங்கு நிகழ்ந்தது. கறுப்பரும், வெள்ளையரும், மெக்சிகோ மக்களும் ஒரே பலகையில் அமர்ந்தனர். பொறுப்பாளர் குழுவில் இரு நிறத்தாரும், ஆண்களும் பெண்களும் இடம்பெற்றனர். வட கரோலினாவிலிருந்து வந்த காஷ்வெல் என்னும் வெள்ளைப் போதகர், கறுப்பர் தம் தலைமேல் கைவைத்து ஜெபிப்பதை முதலில் அருவருத்தார். பின்னர்த் தம் பெருமையை விட்டு, அக்கைகளைத் தாமே வேண்டி ஜெபம் பெற்றார். ஆவியின் நிறைவு ஒரு மனிதனிடத்தில் எதை உடைக்கவேண்டுமோ அதை அங்கே உடைத்தது.

சோதனைகள்

அக்டோபரில் பார்ஹாம் வந்தார். இரு நிறத்தாரும் கலந்து ஆராதிப்பதைக் கண்டு வெறுத்து, கடுமையாகக் கண்டித்தார். சீமோர் தம் ஆசிரியரிடமிருந்து பிரிய நேர்ந்தது. 1908இல் ஜென்னி மூர் அம்மையாரை மணந்தார். அதற்குப்பின் பத்திரிகையின் முகவரிப் பட்டியல்கள் வேறு நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் வாசகர்களின் தொடர்பு அறுந்தது. 1911இல் வில்லியம் டர்ஹாம் என்பவருடன் கொள்கை வேறுபாடு எழுந்தபோது, சீமோரே தம் ஆலயக் கதவைப் பூட்டினார். தமக்கு முன்னர்க் கதவு பூட்டப்பட்ட அவரே அவ்வாறு செய்ய நேர்ந்ததை நாம் வருத்தத்துடனேயே எழுதுகிறோம். 1915இல் அவர் வெளியிட்ட சபை ஒழுங்கில், தலைமைப் பொறுப்பு கறுப்பினத்தார்க்கே உரியது என வகுத்தார். பலமுறை புண்பட்ட உள்ளத்தின் தற்காப்பு அது. ஆயினும் வெள்ளையரை நேசிக்கவேண்டும் என்பதை அவர் கைவிடவில்லை. அன்பில்லாதவர் எம்மொழியில் பேசினும் ஆவியின் நிறைவு பெற்றவராகார் என்பதே அவரது முதிர்ந்த போதனையாயிற்று.

கூட்டம் குறைந்தது. சீமோர் ஊழியத்தை விடவில்லை. 1922 செப்டம்பர் 28ஆம் நாள் மாரடைப்பால் மறைந்தார். கட்டடம் 1931இல் இடிக்கப்பட்டது. நிறத்தால் பிரிந்த பெந்தெகொஸ்தே சபைகளுள் வெள்ளையரின் கூட்டமைப்பு 1994இல் மெம்பிஸ் நகரில் தன்னைக் கலைத்துக்கொண்டு, கறுப்பினச் சபைகளுடன் இணைந்து புதிய அமைப்பைக் கண்டது. அங்கே வெள்ளைப் போதகர் ஒருவர் கறுப்பினத் தலைவரின் கால்களைக் கழுவினார். சீமோர் விதைத்தது முளைக்க அத்துணைக் காலம் பிடித்தது.

நாம் கொள்ளவேண்டியது

இளைஞர்களே! ஆவியின் வல்லமையை நாடுவோர் ஆரவாரத்தை மட்டும் நாடுதல் கூடாது. சீமோர் ஒப்புக்கொடுத்தார், கற்றார், காத்திருந்தார். பெற்றபின் தம்மை இகழ்ந்தோர்க்கும் பலகையில் இடமளித்தார். நம் ஜெபக் கூட்டத்தில், நம் மாணவர் விடுதியில், நம் தெருவில், நம்மினும் எளியவர் எவராவது கதவுக்கு வெளியே அமர்ந்திருக்கிறாரா என்று எழுந்து பார்ப்போம். இருப்பாராயின், அவரை உள்ளே அழைத்து நம் அருகில் அமர்த்துவோம். சீடத்துவம் அங்கே தொடங்கட்டும்.