நகோமி

சமயபாட வகுப்பில் நாங்கள் எல்லோரும் ரூத்தின் பக்கமே நின்றோம். மாமியார் நகோமி எங்கள் கண்ணில் பட்டது நாற்பதைத் தாண்டிய பின்னர்தான்.

பெத்லகேம் என்றால் அப்பத்தின் வீடு. அங்கேயே பஞ்சம். கணவர் எலிமெலேக்கு, இரண்டு ஆண்பிள்ளைகளுடன் மோவாபுக்குப் போனார் நகோமி. அங்கே கணவர் இறந்தார். ஏறக்குறைய 10 வருடங்களின் பின் மக்லோனும் கிலியோனும் போய்விட்டார்கள். என்ன நோய் என்று வேதாகமம் சொல்லவில்லை. எங்களில் வைத்தியர்களானவர்கள் இன்றும் அந்த இடத்தில் நின்றுவிடுகிறோம்.

ஊர் திரும்பியவர், தன்னை மாராள், அதாவது கசப்பு, என்று அழைக்கச் சொன்னார். வெறுங்கையோடு வந்ததாக நினைத்தார். பக்கத்தில் நின்ற மருமகளை அவர் கணக்கில் எடுக்கவேயில்லை!

வாற்கோதுமை அறுவடை தொடங்கிய நேரம். சிந்திய கதிர் விதவைக்கும் அந்நியருக்கும் என்பது அங்கே சட்டம். ரூத் கதிர் பொறுக்கிய வயல் போவாசுடையது. இருவரும் மணந்து ஓபேத் பிறந்தான். அவனை மடியில் வைத்து வளர்த்தவர் நகோமி. அயலட்டைப் பெண்கள் நகோமிக்குப் பிள்ளை பிறந்ததாகவே பேசிக்கொண்டார்கள்.