கைவழிக் கல்வி: மரியா மாண்டிசோரி

நுழையும்முன்

கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருவன நூலும் கரும்பலகையும். அவற்றைக் காணும் முன்பே குழந்தை தொட்டும் பிசைந்தும் அடுக்கியும் கலைத்தும் ஓயாமல் கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் கல்வியைக் கூர்ந்து நோக்கி, அதற்கொரு முறைமையை வகுத்தவர் மரியா மாண்டிசோரி. இத்தாலியில் பிறந்த அவர், போரின் காரணமாகத் தமிழ்நாட்டில் தங்க நேர்ந்தது. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தின் மலையூர் ஒன்றில் குழந்தைகளுடன் வாழ்ந்து தம் சிந்தனையை விரிவாக்கினார். அவ்வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கைகள் அறிந்த மண்

கை பழகியதை மனம் எளிதில் மறப்பதில்லை. இதனைத் திண்டுக்கல் சமவெளியின் உழைப்பாளர்கள் நன்கு அறிவர். பூட்டின் உள்ளுறுப்பை அரத்தால் சிறிது சிறிதாக அராவிச் சாவிக்கு இசைய அமைக்கும் கைவினைஞரும், தறியில் இழை அறுந்த இடத்தைத் தொட்டே உணரும் சின்னாளப்பட்டி நெசவாளரும் தம் தொழிலை நூலில் படித்துத் தெரிந்துகொண்டவர் அல்லர், விரல்களால் கற்றவர்கள்.

இச்சமவெளியில், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே கொடைரோடு தொடர்வண்டி நிலையம் உள்ளது. சென்னையிலிருந்து வருவோர் அங்கே இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலையேறிக் கொடைக்கானலை அடைவது நெடுங்கால வழக்கம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், எழுபது வயதைக் கடந்த மரியா மாண்டிசோரி அம்மலையூரில் வாழ்ந்தார். கைகளே குழந்தையின் முதல் ஆசான் என்று உலகுக்கு உணர்த்திய அவர், அப்போது விரும்பிய இடத்திற்குச் செல்லும் உரிமையற்றவராக இருந்தார்.

மருத்துவரான மாணவி

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலியின் கியாரவாலே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்களில் ஈடுபாடு கொண்டவர். மரியாவின் இளமையிலேயே குடும்பம் உரோம் நகருக்குக் குடிபெயர்ந்தது. பெண்கள் உயர்கல்வி பெறுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், அவர் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்து கணக்கும் அறிவியலும் பயின்றார். பின்னர் மருத்துவம் படிக்க விரும்பினார். தந்தை இசையவில்லை, தாய் துணைநின்றார்.

உரோம் பல்கலைக்கழகத்தில் ஆண்களுடன் சேர்ந்து உடற்கூறு பயில அவருக்கு இசைவு கிட்டவில்லை. மற்றவர்கள் சென்றபின், பிணங்கள் கிடத்தப்பட்ட அறையில் தனியே நின்று கற்றார். தடைகளைக் கடந்து 1896இல் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவராகத் திகழ்ந்தார்.

பல்கலைக்கழக மனநல மருத்துவமனையில் பணியாற்றியபோது, அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என ஒதுக்கப்பட்ட குழந்தைகளைக் கண்டார். வெறுஞ்சுவர்களுக்குள் அடைக்கப்பட்டிருந்த அவர்களுக்குத் தொட்டு விளையாட ஒரு பொருளும் இல்லை. அவர்களின் தேவை மருந்து மட்டுமன்று. கைகளுக்கு வேலையும் வேண்டும் என்று மரியா எண்ணினார். பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகென் ஆகியோரின் நூல்களை ஆழ்ந்து பயின்று, தொட்டு உணரத்தக்க பொருள்களைக் கொண்டு கற்பித்தார். அக்குழந்தைகளுள் சிலர் பிற பள்ளிக் குழந்தைகள் எழுதிய தேர்விலேயே தேர்ச்சி பெற்றனர். பலரும் வியந்து பாராட்டினர். மரியாவின் மனத்திலோ வேறொரு வினா எழுந்தது: இவர்களே இவ்வளவு கற்கமுடியுமெனில், நலமாயுள்ள குழந்தைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கின்றனர்?

இதே ஆண்டுகளில் அவர் வாழ்வில் ஒரு பெருந்துயரும் நிகழ்ந்தது. 1898இல் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். திருமணத்தில் முடியாத உறவில் பிறந்த குழந்தையை அன்றைய சமுதாயம் ஏற்கவில்லை. மகனைச் சிற்றூரில் ஒரு குடும்பத்தாரிடம் வளர விட்டு, அவ்வப்போது சென்று கண்டுவந்தார். உலகக் குழந்தைகளைப் பற்றிச் சிந்தித்த அன்னைக்குத் தம் குழந்தையின் இளமையை உடனிருந்து காணும் பேறு வாய்க்கவில்லை.

குழந்தைகள் இல்லம்

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் உரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ‘குழந்தைகள் இல்லம்’ தொடங்கப்பட்டது. அது ஏழைத் தொழிலாளர்கள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பு. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரற்றுத் திரிந்த, பள்ளி வயதை எட்டாத குழந்தைகள் ஐம்பதின்மருக்கு மேல் அங்கே சேர்க்கப்பட்டனர். அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தப்பட்ட பெண் முறையான ஆசிரியப் பயிற்சி பெற்றவரல்லர். மரியா பெரும்பாலும் ஓரமாக அமர்ந்து குழந்தைகளைக் கவனித்தார், கண்டவற்றைக் குறித்துக்கொண்டார்.

ஒருநாள் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் அவற்றின் அளவுக்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தியதும் எல்லாவற்றையும் எடுத்துக் கலந்து, மீண்டும் தொடங்கினாள். சுற்றியிருந்த குழந்தைகளைப் பாடச் செய்தனர்; அவள் நிமிரவில்லை. இருக்கையோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தனர். உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்தபின் தானாகவே நிறுத்தி, உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்துடன் சுற்றிலும் பார்த்தாள். குழந்தைக்குக் கவனம் நிலைக்காது என்னும் பொதுக்கருத்து தவறென்பதை மரியா அன்று உணர்ந்தார். தன் வளர்ச்சிக்கு உரிய வேலை கைக்குக் கிடைக்குமானால், குழந்தையின் கவனம் பெரியவர்களையும் விஞ்சும்.

கையும் கருவியும்

இவ்வாறு கண்டறிந்தவற்றைக் கொண்டு மரியா கற்றல் கருவிகளை உருவாக்கினார். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்துக் கனசதுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் குழந்தை, பெரிது சிறிது என்னும் கருத்தைச் சொல்லாமலே அறிகிறது. ஒரு மணி ஒன்றினைக் குறிக்கும். பத்து மணிகள் கோத்த கம்பி பத்தினைக் குறிக்கும். அத்தகைய பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறாகும். பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரமாகும். ஆயிரத்தைக் கையில் ஏந்திப் பார்த்த குழந்தைக்கு எண்ணின் மதிப்பு வெறும் குறியன்று. எடையும் உருவும் உடைய பொருள்.

இக்கருவிகளின் தனிச்சிறப்பு, பிழையை அவையே காட்டிவிடும் என்பதாகும். உருளையொன்றைத் தவறான குழியில் இட்டால், இறுதியில் ஓர் உருளை இடமின்றி எஞ்சும். குழந்தை தானே பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும். அச்சத்தால் வரும் கற்றல் அங்கே இல்லை.

எழுத்தும் கைவழியாகவே வந்தது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவி, அவற்றின் ஒலிகளைச் சொல்லிப் பழகினர். சில மாதங்களுக்குப்பின், எவரும் ஏவாமலே சுண்ணக்கட்டியால் தரையில் சொற்களை எழுதத் தொடங்கினர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதப் பழக்கிய முறையோடு இஃது ஒப்புநோக்கத்தக்கது. விரலின் நினைவு கண்ணின் நினைவுக்குத் துணைசெய்யும் என்பதை இருநாட்டாரும் உணர்ந்திருந்தனர்.

புகழும் அலைச்சலும்

1909இல் மரியா தம் முறையை நூலாக வெளியிட்டார். அது பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. பல நாடுகளில் அம்முறைப் பள்ளிகள் தோன்றின. தாயின் மறைவுக்குப்பின், பதினைந்து வயதை எட்டிய மகன் மரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அதுமுதல் அன்னையின் பணிக்கு அவரே பெருந்துணையானார்.

முசோலினியின் அரசு தொடக்கத்தில் மாண்டிசோரி பள்ளிகளை ஆதரித்தது. மரியாவும் அவ்வாதரவை ஏற்றார். கீழ்ப்படியும் படைவீரர்களை விரும்பிய அரசுக்கும், தானே தேர்ந்து செயலாற்றும் குழந்தையை விரும்பிய ஆசிரியருக்கும் இடையே நெடுநாள் இணக்கம் நீடிக்கவில்லை. 1934இல் அப்பள்ளிகள் மூடப்பட்டன. மரியா தாய்நாட்டை நீங்கி ஸ்பெயினில் வாழ்ந்தார். அங்கே 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டதும் நெதர்லாந்துக்குச் சென்றார்.

தமிழ் மண்ணில்

சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, 1939ஆம் ஆண்டின் இறுதியில் மரியாவும் மரியோவும் தமிழ்நாட்டிற்கு வந்தனர். அன்னைக்கு அப்போது வயது 69. ஓலைக் கொட்டகைகளில் நடந்த பயிற்சியில் முந்நூற்றுவர் அளவில் கலந்துகொண்டனர். மரியா இத்தாலிய மொழியில் உரையாற்ற, மரியோ அதனை ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. ஆங்கிலேய அரசின் பார்வையில் அன்னையும் மகனும் பகைநாட்டவர் ஆயினர். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். மரியா அடையாற்று வளாகத்தை விட்டு வெளியேறத் தடைவிதிக்கப்பட்டது. மகனைப் பிரிந்து வாழும் துயரம் முதுமையில் மீண்டும் வந்தது. அவருடைய எழுபதாம் பிறந்தநாளையொட்டி அரசு மரியோவை விடுவித்தது. அதுவரை பொதுவெளியில் உறவினர் என்றே அறியப்பட்டிருந்த மரியோ, அரசின் அச்செய்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார். பயணக் கட்டுப்பாடுகளோ தொடர்ந்தன.

1942 முதல் 1944 வரை அவர்கள் கொடைக்கானலில் தங்கினர். அங்கே வெவ்வேறு வயதுக் குழந்தைகள் அடங்கிய சிறு பள்ளி உருவாயிற்று. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்ரமரத்னே துணைபுரிந்தார். வகுப்புகள் வயதுவாரியாகச் சுவரெழுப்பிப் பிரிக்கப்படவில்லை. மூத்தோர் செய்வதை இளையோர் அருகிருந்து பார்த்தனர். தமக்கு உரியதன்று எனப் பெரியவர்கள் கருதியவற்றையும் ஆர்வத்துடன் எடுத்துச் செய்தனர்.

மலைச்சூழலே அங்குப் பாடநூலாயிற்று. குழந்தைகள் செடிகொடிகளைத் தொட்டுப் பார்த்தனர். அவற்றின் உறுப்புகளுக்குப் பெயர் அறிந்தனர். ஒப்புமையும் வேற்றுமையும் கண்டு வகைப்படுத்தினர். மண்ணும் நீரும் செடியும் விலங்கும் மனிதனும் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைக் குழந்தை உணரவேண்டும் என்னும் கருத்து அன்னையின் சிந்தனையில் முதிர்ந்தது. பிற்காலத்தில் ‘அண்டம் தழுவிய கல்வி’ எனப் போற்றப்பட்ட கோட்பாடு வலுப்பெற்றதில் கொடைக்கானல் ஆண்டுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. நாடுகள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அனைத்துயிரும் ஒரே குடும்பம் என்னும் கல்வி இம்மலையில் உருப்பெற்றது எண்ணத்தக்கது.

போருக்குப்பின் மரியா ஐரோப்பா திரும்பினார். மீண்டும் இந்தியாவுக்கு வந்து பயிற்சியளித்தார். 1949 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் நெதர்லாந்தில் மறைந்தார். இறுதிவரை மரியோ உடனிருந்தார்.

வீடே முதற்பள்ளி

மரியா இந்தியாவில் இருந்த காலத்தை ஒட்டியே, காந்தியடிகளின் ஆதாரக் கல்வியும் கைத்தொழில் வழியாகக் கற்பதை வலியுறுத்தியது. 1947இல் திண்டுக்கல்லுக்கு அருகே டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் நிறுவிய காந்திகிராமம் அந்நெறியில் வளர்ந்தது. காந்தியடிகளின் கல்வியில் கையின் உழைப்பு பயன்தரும் பொருளை ஆக்கியது. மரியாவின் கல்வியில் அது குழந்தையையே ஆக்கியது. இருவரும் கையை மதித்தனர்.

இன்று மாண்டிசோரி என்னும் பெயரைக் கட்டணம் மிகுந்த பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் காண்கிறோம். அம்முறை ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தது என்பதை நாம் மறத்தலாகாது. அதன் உயிர் விலையுயர்ந்த கருவிகளில் இல்லை. புளியங்கொட்டையையும் வேர்க்கடலையையும் கலந்து வைத்தால் குழந்தை இனம் பிரிக்கும். இரண்டு சிறு செம்புகளைக் கொடுத்தால் நீரைச் சிந்தாமல் மாற்றி ஊற்றக் கற்கும். சட்டைப் பொத்தானைத் தானே மாட்டும். பூட்டுக்குரிய சாவியைத் தேடிப் பொருத்தும். முருங்கை, வேம்பு, பூவரசு ஆகியவற்றின் இலைகளைத் தடவி வேறுபாடு அறியும். விழுங்கக்கூடிய சிறு பொருள்களைத் தரும்போது மட்டும் பெரியவர் அருகிருத்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பொருட்செலவு இல்லை, பொறுமைதான் தேவை. நேரமாகிறது என்று குழந்தையின் செருப்பு வாரை நாமே மாட்டிவிடும்போது, அது கற்கவிருந்த ஒன்றைப் பறித்துவிடுகிறோம். செய்து காட்டி, பின் விலகி நின்று, குழந்தை தானே செய்து முடிக்கும்வரை காத்திருக்கும் பெரியவரே நல்லாசிரியர். மரியா மாண்டிசோரி தம் வாழ்நாள் முழுவதும் உலகிடம் வேண்டியது இந்தக் காத்திருத்தலைத்தான்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தை, தானே தேர்ந்து செய்யும் ஒரு வேலையை இடையிடாமல் கால்மணி நேரம் கவனித்துக் குறிப்பெழுதுக.

2. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு, பிழையைத் தானே காட்டும் கற்றல் கருவி ஒன்றை உருவாக்கி வகுப்பில் விளக்குக.

3. உங்கள் ஊரில் கைத்தொழில் செய்யும் ஒருவர் அத்தொழிலை எவ்வாறு கற்றார் எனக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.