புழு காட்டிய வழி

ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் கிழட்டு ரப்பர் மரங்களைச் செயின் சா சாய்த்ததை நாம் பார்த்திருக்கிறோம். அதன் சங்கிலிக்குப் பல் அமைத்த ஜோசப் காக்ஸ் என்பவரும் நம்மைப் போல ஒரு பாட்டாளிதான்.

1905-இல் பிறந்த அவர், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலக் காடுகளில் மரம் வெட்டிப் பிழைத்தவர். அக்காலச் சங்கிலிகள் மரத்தைச் சுரண்டத்தான் செய்தன. அடிக்கடி அரம் போடணும். பாதிப் பொழுது அதிலேயே போச்சு. 1946-இல் ஒரு நாள், கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவை உற்றுப் பார்த்தார். அதன் இரண்டு தாடைகளும் இடமும் வலமுமாக வெட்டி, நாரின் குறுக்கேயும் நெடுக்கேயும் சுலபமாய்ப் போயின. அதே மாதிரி இரும்பில் பல் செய்தார். 1947-இல் அந்தச் சங்கிலி விற்பனைக்கு வந்தது. 2002-இல் அவர் காலமானார். இன்றைய சங்கிலிகளில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவையே.

ஆனால் எல்லா மரத்துக்கும் ஒரே பல் உதவாது. சுத்தமான பச்சை மரத்தில் கூர்முனைப் பல் வேகமாய் ஓடும். செங்கால் போன்ற கெட்டி மரத்துக்கும், மண் ஒட்டிய அடிமரத்துக்கும் முனை உருண்ட பல்லே தாங்கும். செம்பனை மரமோ எந்தப் பல்லையும் சீக்கிரம் மழுக்கிவிடும். கண்ணியின் அளவு, தடிப்பு, எண்ணிக்கை மூன்றும் வாளுக்கு ஒத்திருக்க வேண்டும். மலிவு என்று மாற்றிப் போட்டால், சங்கிலி கழன்று கைகாலைப் பதம் பார்க்கும்.

வெட்டுகிறவன் கண்ணுக்குத்தான் அந்தப் புழு பட்டது. சங்கிலி வாங்கும்போதும் வெட்டுகிறவனை ஒரு வார்த்தை கேட்கட்டும்.