பிரிச்சார்டு எந்நாட்டவர்?

தங்கவயலிற் பிறந்து வளர்ந்த நம்மை நோக்கி, உமக்கு எந்த ஊர் என்று எவரேனும் வினவினால் நாம் சற்றே தயங்குகிறோம். பிறந்த மாரிக்குப்பத்தைச் சொல்வதா, பாட்டனார் விட்டுவந்த வட ஆற்காட்டுச் சிற்றூரைச் சொல்வதா என்று உள்ளம் ஊசலாடுகின்றது. மாண்ட பின்னரும் இவ்வினாவிலிருந்து விடுபடாத ஓட்ட வீரர் ஒருவரின் வரலாற்றை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகிறோம். அவர்தாம் நார்மன் பிரிச்சார்டு.

1875ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆங்கிலப் பெற்றோர்க்கு மகனாகத் தோன்றிய பிரிச்சார்டு, அந்நகரத்துத் தூய சவேரியார் கல்லூரியிற் பயின்றார். 1894 முதல் 1900 வரை ஏழாண்டுகள் தொடர்ந்து வங்க மாகாணத்து 100 கெச ஓட்டத்தில் அவரே வாகை சூடினார். கால்பந்திலும் வல்லவர், 1897இல் சோவாபஜார் அணியை எதிர்த்து ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார்.

1900ஆம் ஆண்டு அவர் இங்கிலாந்து சென்றார். அந்நாட்டுத் தடகளப் போட்டியில் 120 கெசத் தடையோட்டத்தில் அமெரிக்கராகிய கிரென்ஸ்லைனுக்கு அடுத்தவராக வந்தார். அங்கிருந்து பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்று ஐந்து ஓட்டங்களிற் கலந்துகொண்டார்.

இன்று நாம் காணும் பேரரங்கம் எதுவும் அன்று பாரிஸிற் கிடையாது. நகரையொட்டிய பெரும் பூங்கா ஒன்றின் புல்தரையே ஓடுகளம். மரங்களும் மேடுபள்ளங்களும் நிறைந்த இடம். ஜூலை 16ஆம் நாள் 200 மீட்டர் தடையோட்டத்தில் பிரிச்சார்டு இரண்டாமிடம் பெற்றார். முதல்வர், மீண்டும் கிரென்ஸ்லைனே. முன்னங்காலை நேராக நீட்டி, ஓட்டம் தடைபடாமல் தடைகளைக் கடக்கும் முறையில் கைதேர்ந்தவர் அவர். அவ்வாண்டு நான்கு பந்தயங்களில் வென்றவர். அவருக்குப் பின்னால் வருவதில் இழுக்கொன்றும் இல்லை. ஜூலை 22ஆம் நாள் 200 மீட்டர் ஓட்டத்திலும் பிரிச்சார்டு இரண்டாமவரானார். 110 மீட்டர் தடையோட்டத்தின் இறுதிச் சுற்றை மட்டும் அவர் முடிக்கவில்லை. 200 மீட்டர் தடையோட்டமோ 1904க்குப்பின் ஒலிம்பிக்கிலிருந்தே மறைந்தது.

வழக்கு இங்கேதான் எழுகின்றது. அனைத்துலக ஒலிம்பிக் குழு அவ்விரு பதக்கங்களையும் இந்தியாவின் கணக்கில் வைத்துள்ளது. அனைத்துலகத் தடகளக் கூட்டமைப்போ பின்னாளில் வெளியிட்ட ஏட்டில் அவரைப் பிரித்தானியர் எனக் குறித்தது. அவர் இலண்டன் கழகமொன்றைச் சார்ந்து இங்கிலாந்துப் போட்டியில் ஓடியதைச் சிலர் சான்றாகக் காட்டுவர். அக்கால்கள் வலுப்பெற்றது கல்கத்தாத் திடலில் அன்றோ என்பது எமது கட்சி. எனினும் அவரே பின்னர் எடுத்த முடிவு எமக்குத் துணைசெய்யவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது.

பாரிஸிலிருந்து மீண்டு, 1902 வரை இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராக இருந்தவர், 1905இல் இங்கிலாந்திற் குடியேறினார். அங்கே நாடக மேடை அவரை ஈர்த்தது. 1914இல் அமெரிக்கா சென்று, நார்மன் டிரெவர் என்னும் பெயருடன் மேடையிலும் பின்னர் ஹாலிவுட்டின் ஊமைப்படங்களிலும் நடித்தார். 1926இல் வந்த புகழ்பெற்ற போ ஜெஸ்ட் அவற்றுள் ஒன்று. நாட்டை மட்டுமா, பெயரையும் மாற்றிக்கொண்டார்! 1929 அக்டோபரில் கலிபோர்னியாவில், மூளை நோயினால் அவர் வாழ்வு முடிந்தது.

அவரை இந்தியரெனக் கொண்டால், ஒலிம்பிக் தடகளத்தில் இந்தியாவின் அடுத்த பதக்கத்துக்கு 2021இல் நீரஜ் சோப்ரா ஈட்டி எறியும்வரை 121 ஆண்டுகள் காத்திருந்தோம். இல்லையெனக் கொண்டால் சோப்ராவே முதல்வர். 1984இல் 400 மீட்டர் தடையோட்டத்தில் நொடியின் நூற்றில் ஒரு பங்கினால் வெண்கலம் இழந்த பி. டி. உஷாவின் இழப்பும் அப்போது இன்னும் பெரிதாகிவிடுகின்றது.

நம் கோலாரிற் பிறந்த கென்னத் பவல் 1964இல் டோக்கியோவில் ஓடினார். மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவர் பெயரும் ஆங்கிலப் பெயரே. ஆனால் அவர் எந்நாட்டவர் என்னும் வழக்கு எந்த ஏட்டிலும் எழவில்லை.