நிமிர்ந்து நின்ற நீதியரசர்

பதவி தந்தவர்க்குப் பணிவதா, பதவியின் கடனுக்குப் பணிவதா? இவ்வினாவுக்குத் தம் வாழ்வால் விடை தந்த சேர் எட்வேட் கோக் என்பாரின் வரலாற்றை மாணவர் அறிதல் நன்றெனக் கருதுகின்றோம்.

இவர் 1552 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நோர்போக் பகுதியிற் பிறந்தார்; 1594 இல் சட்டமா அதிபரானார். 1603 இல் அரசின் சார்பில் வழக்குரைத்து, சேர் வோல்ட்டர் றாலியைக் கடுமொழிகளாற் சாடியவரும் இவரே. அக்குறையை நாம் மறைத்தல் முறையன்று.

1606 இல் நீதிபீடம் ஏறியபின் அவர் போக்கு வேறாயிற்று. முதலாம் ஜேம்சு மன்னன் தானே வழக்குத் தீர்க்க விழைந்தபோது, மன்னனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என எடுத்துரைத்தார். 1613 இல் அரச மன்றின் பிரதம நீதியரசரானார்.

1616 இல், ஆயர் ஒருவர்க்கு மன்னன் வழங்கிய திருச்சபை வருவாய் பற்றி ஒரு வழக்கெழுந்தது. அதனை நிறுத்திவைக்குமாறு மன்னன் பணித்தான். நீதியரசர் பன்னிருவரும் இணங்கிலர். மன்னன் அவர்களை அழைத்துச் சினந்தான், அனைவரும் முழந்தாளிட்டனர். இனிமேல் ஆணையிட்டால் நிறுத்துவரோ என அவன் வினவப் பதினொருவர் இசைந்தனர். கோக் ஒருவரே, அவ்வேளை வருங்கால் நீதிபதிக்குத் தக்கதையே தாம் செய்வதாக விடையிறுத்தார். அவ்வாண்டிலேயே பதவியிழந்தார்.

பின்னர்ப் பாராளுமன்றம் புகுந்தார், சிறையும் கண்டார், 1628 இல் உரிமை மனுவை ஆக்குவதில் முன்னின்றார், 1634 இல் மறைந்தார்.

மன்னன் தன் விருப்பப்படி நீதிபதிகளை நீக்கலாகாதென்னும் காப்பு, 1701 இல் இயற்றிய சட்டத்திலேயே இடம்பெற்றது. அக்காப்பில்லாத காலத்தில் நிமிர்ந்து நின்றமையே அவர் பெருமை. நாளை அரச பணி ஏற்கவிருக்கும் எம் மாணவர் இதனை நெஞ்சிற் கொள்வாராக.